ஒடிவதற்கென்று ஒரு போல்ட்

கடல்மேல் இருக்கும் என் மகனுக்கு அப்பா சொல்ல எழுதப்படும் கடிதம். இங்கே நாங்கள் கை கால் திடமாக, வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி இருக்கிறோம். நீயும் அங்கே அப்படித்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு வார்த்தை வராது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், எண்ணெய் தேய்த்தால் கொஞ்சம் குறைகிறது, என்னைத் திட்டினால் இன்னும் கொஞ்சம் குறைகிறது. உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பேசினால் பாதி காற்றுதான் வருகிறது, அப்பா எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால் சுவரில் மாட்டியிருக்கிற உலகப் படத்தில் நீலமாக இருக்கிற இடமெல்லாம் உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறாள், அதுவும் சரிதானே. எனக்குத் தூரத்துப் பார்வை நன்றாக இருக்கிறது, பக்கத்தில் இருப்பதுதான் மங்கல். மக்காச்சோளம் அறுத்து முடிந்தது, தட்டை இன்னும் கீழ் வயலில் நிற்கிறது, வானம் இரண்டு நாளாக மூட்டம் போட்டுக்கொண்டு பெய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.

இந்தக் கடிதத்தைத் தையல்காரர் கடையில் உட்கார்ந்து சொல்கிறேன். எப்போதும் மருமகள்தான் எனக்கு எழுதித் தருவாள், அது உனக்கும் தெரியும், அவள் கையெழுத்தைப் பார்த்ததும் நீ முதலில் அதைத்தான் படிப்பாய், நான் சொன்னதைப் பிறகுதான் படிப்பாய். இந்தத் தடவை அவளைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது, அவளிடமே எழுதச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாள். தையல்காரர் நல்ல மனிதர், நான் நாலு வார்த்தை சொன்னால் எழுதிவிட்டு ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறார், பிறகு திரும்பிப் பார்த்து, ம், மேலே சொல்லுங்க என்கிறார். மிஷின் சத்தத்தில் எனக்குக் கண் சொக்குகிறது. தலைக்கு மேலே கொடியில் யார் யாருடைய சட்டையோ கழுத்தும் தலையும் இல்லாமல் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் நடுக்கூடத்தில் இருக்கிறது, நீ துறைமுகத்திலிருந்து பேசினால் வீடே அதைச் சுற்றி நிற்கும், உன் குரல் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படிச் சொல்லி முடிகிற சங்கதி இல்லை.

மதியத்தில் கண் அசந்தால் எனக்கு ஒரே கனவுதான் வருகிறது. கீழ் வயல் உழுது கிடக்கிறது, மண் புரண்டு புரண்டு அலை மாதிரி நகர்கிறது, நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்து வருகிறாய், கால் புதையவில்லை. நான் கடலைப் பார்த்ததில்லை, அதனால் எனக்குக் கடல் என்றால் அந்த வயல்தான் போலிருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து மருமகள் டிராக்டரில் மெல்ல வருகிறாள், சத்தமே இல்லை, பின்னால் புழுதி மட்டும் வெயிலில் பொன் பொன்னாகப் பறக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் கிட்டே வந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் தாண்டிப் போகிறீர்கள். நான் கூப்பிடுகிறேன், யாருக்கும் கேட்கவில்லை, முழித்துக்கொள்கிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "பகல்ல தூங்கினா கண்டதும்தான் வரும், எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்றாள். தண்ணி காட்டினேன். கனவு போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன துறைமுகத்திலிருந்து நீ பேசியபோது போனை எடுத்தது உன் அம்மாவின் தம்பி, பட்டறை மாமா. அவர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, டிராக்டரையும் அதன் பின்னால் மாட்டி மண் புரட்டுகிற ரோட்டவேட்டரையும் செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், என் பெண்டாட்டி இனிமேல் அதன் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், பக்கத்திலேயே இருந்தேன், போனை நான் வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். ரோட்டவேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மருமகள் திடுக்கென்று எஞ்சினை நிறுத்தினாள், அந்தக் குலுக்கலில் தண்டு அவருடைய கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்துவிட்டது, பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை, இதுதானே சொன்னார். நான் கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட தொட்டிமேல் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவன். என் கண் தூரத்துக்கு நன்றாகத் தெரியும் என்று மேலே ஏன் சொன்னேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

கீழ் வயலில் கல் அதிகம், அது உனக்குப் புதிதில்லை. டிராக்டரின் முதுகிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சுற்று கொண்டுபோகிற தண்டு இருக்கிறதே, அதன் பின்முனையில் மெல்லிசாக ஒரு போல்ட் போட்டிருப்பார்கள். கத்தியில் கல் மாட்டினால் அந்த போல்ட் ஒடியும், தண்டு சும்மா சுற்றும், மற்றதெல்லாம் பிழைக்கும். இந்த வருஷம் அது அடிக்கடி ஒடிந்தது. ஒவ்வொரு தடவையும் மருமகள் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பட்டனும் போட்டு, பின்னால் கத்தி அசையாமல் நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, அதற்குப் பிறகுதான் இறங்குவாள். கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் வேலை பார்த்தவள் அல்லவா, அங்கே ஒரு பெண்ணின் பின்னலை மிஷின் பிடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாளாம், அதிலிருந்து தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டு மேலே துணி கட்டாமல் எந்த மிஷினையும் தொடமாட்டாள். டிராக்டருக்கென்று இதே தையல்காரரிடம் உடம்பை ஒட்டின சட்டையாக, தொங்கல் ஒன்றும் இல்லாமல் தைத்து வாங்கியிருக்கிறாள். அளவு கொடுக்கும்போது, கை அகலம் குறைச்சுடுங்க, அழகு வேண்டாம் என்றாளாம். இப்போதுதான் இவர் சொல்கிறார். உன் அம்மாகூடக் கேலி செய்வாள், "என்னடி, கஜானா சாவி மாதிரி பொத்திப் பொத்தி வைக்கிறே" என்று. அவள் சிரித்துக்கொள்வாள், பட்டனை மட்டும் கழற்றமாட்டாள்.

அன்றைக்கு மறுபடி போல்ட் ஒடிந்தது. கையில் மாற்று இல்லை, கம்பெனிக் கடையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். உன் அம்மா தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா வந்தார், ஒடிந்த துண்டை விரலில் உருட்டிப் பார்த்தார், "வெங்காயத் தோல் மாதிரி இருக்கு, இதைப் போட்டா ஒடியாம என்ன செய்யும்" என்று சொல்லிப் பட்டறைக்குப் போய்ப் பழைய லாரியில் கழற்றின போல்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். விரல் தடிமன், நீளமும் ஜாஸ்தி. தலை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, தண்டை மூடியிருக்கிற பிளாஸ்டிக் உறையில் இடித்தது. அதனால் உறையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டார். மருமகளுக்கு அவர் சித்தப்பா முறை. அவள் சொன்னாள், "சித்தப்பா, அது ஒடியறதுக்குன்னே போட்ட போல்ட்டு." மாமா சிரித்தாரே ஒரு சிரிப்பு. "ஒடியறதுக்குன்னு எவனாவது போல்ட் செய்வானாம்மா? அப்ப கிழியறதுக்குன்னு சட்டை தைப்பாங்களா?" என்றார். இவள், உறையும் இல்லாம, தலையும் நீட்டிக்கிட்டு இருந்தா நான் ஓட்டமாட்டேன் சித்தப்பா, ரெண்டு நாள் பொறுக்கலாம் என்று மட்டும் சொன்னாள். சாவி அவள் பையில். ஆனால் அந்த ரக டிராக்டருக்கெல்லாம் ஒரே சாவிதான், மாமா பட்டறையில் ஒன்று கிடக்கும், அதைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். அவர் மனசில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. செய்த வேலை ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சின்ன வயசிலிருந்தே அப்படி, கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார், இன்றுவரை அது கால் மணி பின்னால்தான் ஓடுகிறது.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார், லிவரைப் போட்டார், தண்டு சுற்ற ஆரம்பித்தது. அதை நீ பார்த்திருக்கிறாயா என்று தெரியவில்லை. முதலில் சுற்றுவது தெரியும், வேகம் பிடிக்கப் பிடிக்கப் பளபளவென்று ஒரே கம்பியாக, நிற்கிற மாதிரி ஆகிவிடும். தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஒரு சத்தம் வரும். வெயில் அதன்மேல் விழுந்தால் தண்ணீர் ஓடுகிற மாதிரி மினுங்கும், தொட்டுப் பார்க்கலாம்போல இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் டிராக்டரின் பின்பக்கத்தில் மஞ்சளாக ஒரு படம் ஒட்டியிருக்கிறது, அதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு ஆள் தண்டில் துணி மாதிரிச் சுருண்டு கிடக்கிறான். அவனுக்கு முகம் வரையவில்லை. யார் முகத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மாமா எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினார். அதுதான் தப்பு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். சுற்றிக்கொண்டு பின்னால் போனார், போல்ட் தலை ஆடுகிறதா என்று பார்க்கக் குனிந்தார். கழுத்தில் துண்டு தொங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து ஓடிவந்துவிட்டாள். அவரைப் பிடிக்கப் போகவில்லை, அதை நன்றாகக் கேட்டுக்கொள். அவரைப் பிடிக்கப் போயிருந்தால் இரண்டு பேரும் தண்டில் மாட்டியிருப்பார்கள். நேராக டிராக்டரின் பக்கத்துக்குப் போய் நிறுத்துகிற குமிழை இழுத்தாள். எஞ்சின் அடங்கிக்கொண்டிருக்கும்போதுதான் போல்ட் தலை துண்டைக் கவ்வியது. பழைய துண்டு, நைந்தது, இரண்டு சுற்றுச் சுற்றி அவரை மண்டிபோட வைத்து, கழுத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கிழிந்தது. தண்டு நின்றது. அவ்வளவு அமைதி நான் கேட்டதே இல்லை. மாமா மண்ணில் உட்கார்ந்து தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டிருந்தார், யாரோ வேறு ஆளுடைய கழுத்தைத் தடவுகிற மாதிரி. மருமகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், "தண்ணி குடிங்க சித்தப்பா" என்றாள். அவ்வளவுதான். நான் சொன்னேனே, கேட்டீங்களா என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால்கூட மாமா உன்னிடம் உள்ளதைச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அவர் பொய் சொன்னார் என்று நான் எழுதச் சொல்லவில்லை. பயந்துபோன மனிதர், நினைவில் எது முன்னால் எது பின்னால் என்று புரண்டிருக்கலாம். எஞ்சின் நின்றதும் துண்டு இழுபட்டதும் ஒரே கணத்தில் நடந்தது, அவருக்கு ஒன்றால்தான் மற்றது நடந்ததென்று தோன்றியிருக்கலாம். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது, இப்போது பழுப்பாகி மறைந்து வருகிறது. அன்றிலிருந்து அவர் நம் கொட்டகைப் பக்கம் வருவதில்லை. நீ அவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதே, அவர் உன் அம்மாவின் தம்பி, நாளைக்கும் நமக்கு அவர் வேண்டும்.

சூளைக்காரர் நேற்று டிராக்டரைப் பார்க்க வந்தார். மருமகள் விடியும் முன்பே எழுந்து வண்டியைக் கழுவியிருந்தாள், சக்கரத்து இடுக்கில்கூட மண் இல்லை. புது போல்ட் கம்பெனிக் கடையிலிருந்து வந்திருந்தது, அதைப் போட்டு உறையையும் மாட்டி அதன் சங்கிலியையும் கொக்கியில் போட்டிருந்தாள். மாற்று போல்ட் நாலைந்தை ஒரு டப்பாவில் போட்டு சீட்டுக்கு அடியில் கட்டியிருந்தாள், வாங்குகிறவருக்கென்று. சூளைக்காரர், மாட்டிக் காட்டுங்கம்மா பார்க்கலாம் என்றார். அவள் காட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். சமமான இடத்தில் ரோட்டவேட்டரை வைத்து, டிராக்டரைப் பின்னால் பின்னால் நத்தை மாதிரி கொண்டுபோனாள். அவர் நடுவில் போய் நின்று கை காட்டப் பார்த்தார். "ரெண்டுக்கும் நடுவுல நிக்காதீங்கய்யா, எனக்கு உங்க கையும் வேண்டாம், காலும் வேண்டாம், ஓரமா வாங்க" என்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு ஓரமாக வந்தார். வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியைப் பைக்குள் போட்டு இறங்கினாள். டிராக்டரின் பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கிப் பிடிக்கிற இரும்புக் கைகள் இருக்கிறதே, அதில் இடது கை, வலது கை, மேலே நடுக்கம்பி, ஒவ்வொன்றாக மாட்டினாள். "இந்த இடது கை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவசரப்பட்டா விரலைக் கடிக்கும். தட்டிக் கொடுத்துத்தான் நுழைக்கணும். பின்னு போட்டா கிளிப்பும் போடணும், கிளிப் இல்லாத பின்னு வெறும் குச்சி. தண்டு உள்ளே போனா டக்குன்னு ஒரு சத்தம் வரும், வந்தாலும் நம்பாதீங்க, இழுத்துப் பாருங்க. ஓடவிட்டுக்கிட்டு ரொம்ப உயரத் தூக்காதீங்க, தண்டு மடங்கி அடிக்கும். கத்தியில தட்டை சுத்திக்கிட்டா எஞ்சினை நிறுத்திட்டு, அடியில கட்டை கொடுத்துட்டு எடுங்க." மகளை ஊருக்கு அனுப்பும்போது, அவளுக்கு இது ஒத்துக்காது, இப்படிச் சொன்னா கேட்பா, அப்படிச் சொன்னா கோவிச்சுக்குவா என்று சொல்வார்களே, அதே குரல். கை எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தது, கண் மட்டும் எங்கேயோ இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே மறுபடி கனவுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது.

சூளைக்காரர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "என் ஆளுங்க இவ்வளவு நிதானமா செய்யமாட்டாங்கம்மா, அவங்களுக்கு ஓடற வண்டியில ஏறி இறங்கித்தான் பழக்கம்" என்றார். இவள் சட்டென்று, "அப்ப இதை வாங்காதீங்கய்யா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் எத்தனையோ சாமான் வாங்கியிருக்கேன், விக்கிறவங்க வாங்காதேன்னு சொல்லி இப்பத்தான் கேட்கிறேன். இதை வாங்கினா உன்னையும் சேர்த்துத்தான் கூட்டிக்கிட்டுப் போகணும் போல இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உங்க பையன் அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும் பெரியவரே, அதுவரைக்கும் நான் பொறுத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே இன்னும் எதுவும் கைமாறவில்லை, வண்டி நம் கொட்டகையில்தான் நிற்கிறது.

அவர் போன பிறகு நான் மருமகளைக் கேட்டேன், உனக்கு என்னம்மா வேணும், சொல்லு, அவன்கிட்ட நான் பேசறேன் என்று. கிரீஸ் ஒட்டின விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு சொன்னாள், "அவர் என்கிட்ட கேட்கட்டும் மாமா. சித்தப்பாகிட்ட கேட்டாரு, உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு, சூளைக்காரருக்குக் கொடுக்கச் சொன்னாரு. என்கிட்ட உனக்கு அடிபட்டுச்சான்னுகூடக் கேட்கல." சொல்லிவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டாள். இதை எழுதும்போது தையல்காரர், இதையும் அப்படியே எழுதவா என்று கேட்கிறார். அப்படியே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்குப் பயம், எனக்குத் தெரியும். நீ எங்கேயோ நீலத்தில் இருக்கிறாய், இங்கே பெண்டாட்டி சுற்றுகிற தண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்தால் எவனுக்கும் தூக்கம் வராது. ஆனால் போன தடவை நீ வந்தபோது கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு நீ போட்டிருந்தது பச்சைக் கோடு போட்ட சட்டை, இடது தோளில் தையல் விட்டிருந்தது. உன் கப்பலின் வயிற்றுக்குள் ஆள் தடிமனுக்கு ஒரு தண்டு சுற்றுகிறது, அதற்குப் பக்கத்தில் நின்றுதான் எண்ணெய் விடுவேன், பல நாள் இரவும் பகலும் அதன் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு என்றாய். மருமகள் துவைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு அங்கே போகாதீங்க, பட்டனைப் போட்டுக்குங்க என்றாள். அதோடு சரி. அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஒருநாளாவது, அந்தக் கப்பலை வித்துட்டு வாங்க என்று சொன்னாளா, யோசித்துப் பார். உன் பயத்தை நீ எங்கள் எல்லோர் தலையிலும் இறக்கி வைத்துவிட்டாய். அவள் தன் பயத்தைத் துணியோடு சேர்த்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள்.

விற்காதே என்று நான் சொல்லவில்லை. வண்டி உன் சம்பாத்தியம், உன் பெயரில் இருக்கிறது. நான் சொல்வது, கேள் என்பது. அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் போன் போடு, சாயங்காலமாகப் போடு, அப்போதுதான் அவள் வயலிலிருந்து வந்து முகம் கழுவியிருப்பாள். உன் அம்மா எடுத்தாலும் நான் எடுத்தாலும் எங்களிடம் ஒன்றும் பேசாதே, அவளைக் கூப்பிடச் சொல். முதலில் அடிபட்டதா என்று கேள். பிறகு என்ன செய்யலாம் என்று கேள். அவள் விற்கலாம் என்று சொன்னால் நான் மறுநாளே சூளைக்காரரைக் கூப்பிடுகிறேன். அவள் வேண்டாம் என்று சொன்னால் நீ அதோடு பேச்சை விடு. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருப்பாள், லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, பொறு.

உடம்பைப் பார்த்துக்கொள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, உப்புத் தண்ணீரில் குளித்தால் தலை துவட்டு. என் ஆயுசில் மீதி இருப்பதை உனக்கும் அவளுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கச் சொல்லித்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன், பல் போன குட்டிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. நல்லபடியாகப் போய், நல்லபடியாக வந்து சேர். மறக்காமல் சாயங்காலமாகப் பேசு. மழை விழுவதற்குள் கீழ் வயலைப் புரட்டியாக வேண்டும், அவள் ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்க்கிறாள், பிறகு நடுக்கூடத்துப் பக்கம் பார்க்கிறாள். உன் போனுக்குக் காத்திருக்கிறேன் என்று அவள் சொல்லமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் வைத்திருக்கும்
உன் அப்பா